ஆர் ஃபேஸில் தொடங்கிய சிக்கல்: கிரிட் இல்லாத மும்முனை சோலாருக்கு இன்வெர்ட்டர் தேர்ந்தெடுத்த கதை

"பம்பு சில நாள் முதல் தடவையிலேயே ஓடுது, சில நாள் போட்டவுடனே வீட்டையும் சேர்த்து இருட்டாக்கிடுது." உரிமையாளர் முதல் நாள் சொன்ன புகார் இதுதான். கிரிட் லைன் (பொது மின்கம்பி) எட்டாத ஒரு பண்ணை. 15 கிலோவாட் பேனல், 48 வோல்ட் லித்தியம் பேட்டரி, நடுவில் 12 கிலோவாட் மும்முனை ஹைப்ரிட் இன்வெர்ட்டர் ஒன்று (பேனல், பேட்டரி இரண்டின் டி.சி.யையும் மும்முனை ஏ.சி.யாக்கும் பெட்டி). நிறுவி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அமைத்துக் கொடுத்தவர்கள் மோட்டாரைக் குறை சொன்னார்கள். மோட்டார் மெக்கானிக் இன்வெர்ட்டரைக் குறை சொன்னார். இரண்டுமே நல்ல நிலையில்தான் இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

அங்கே இருந்த லோடு இவ்வளவுதான். ஆழ்துளைக் கிணற்றில் 5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார், குளிர் அறைக்கு 3 ஹெச்.பி. ஸ்க்ரோல் கம்ப்ரஸர், மரம் அறுக்கும் 2 ஹெச்.பி. இயந்திரம். மூன்றும் மும்முனை. அதோடு வீட்டின் ஒருமுனை லோடு 3.5 கிலோவாட், அதில் 1.5 கிலோவாட் வாட்டர் ஹீட்டரும் அடக்கம். முதல் வடிவமைப்பின் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். 3.7, 2.2, 1.5, 3.5 என்று எழுதிக் கூட்டியிருந்தார்கள். மொத்தம் 10.9 கிலோவாட், அதற்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து 12 கிலோவாட் பெட்டி. கூட்டல் சரிதான், ஆனால் அந்தத் தாளில் மூன்று தவறுகள் ஒளிந்திருந்தன.

முதலாவது எளிய தவறு. மோட்டார் தகட்டில் இருக்கும் ஹெச்.பி., தண்டில் கிடைக்கும் சக்தி. கம்பியில் இருந்து அது எடுப்பது அதைவிட அதிகம். 85 சதவீதத் திறன் உள்ள 3.7 கிலோவாட் மோட்டார் 4.4 கிலோவாட் இழுக்கும். இப்படி எல்லாவற்றையும் திருத்தினால் 10.9 என்பது 12.5 ஆகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 12 கிலோவாட் பெட்டி அப்போதே ஓவர்லோடு. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவது அரிது என்பதால் இந்தத் தவறு மட்டும் இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது தவறுதான் வீட்டை இருட்டாக்கியது. மும்முனை என்பது ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் கம்பிகள். 12 கிலோவாட் மும்முனை இன்வெர்ட்டர் என்றால் ஒரு ஃபேஸுக்கு 4 கிலோவாட், அதாவது 230 வோல்ட்டில் சுமார் 17 ஆம்பியர். சில மாடல்களில் ஒரே ஃபேஸில் மொத்தத் திறனின் பாதி வரை எடுக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்வதுண்டு, இந்தப் பெட்டியில் அந்த வசதி இல்லை. வயரிங் செய்தவர் வீட்டின் மொத்த லோடையும் ஆர் ஃபேஸில் கொடுத்திருந்தார். கேட்டால், போர்டில் அந்த பிரேக்கர்தான் கிட்ட இருந்ததாம். பம்பு ஓடும்போது ஃபேஸுக்கு 8 ஆம்பியர், கம்ப்ரஸருக்கு 5 ஆம்பியர். மீதி 4 ஆம்பியர்தான். அதாவது இரண்டு மோட்டாரும் ஓடும்போது ஆர் ஃபேஸில் வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 1 கிலோவாட். ஹீட்டர் போட்டாலே எல்லை தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஒய், பி ஃபேஸ்களில் தலா 4 ஆம்பியர் சும்மா இருக்கும். இன்வெர்ட்டரின் திரையில் மொத்த லோடு சுமார் 70 சதவீதம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் நிறைய இடம் இருக்கே" என்று உரிமையாளர் நினைத்ததில் அவர் தப்பு எதுவும் இல்லை.

மூன்றாவது தவறு, தொடக்க மின்னோட்டம். நேரடி ஸ்டார்ட்டரில் போடப்படும் இண்டக்‌ஷன் மோட்டார் முதல் ஓரிரு வினாடிகளுக்கு ஓட்ட மின்னோட்டத்தைப் போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு வரை கேட்கும். இன்ரஷ் (தொடக்க மின்னோட்டம்) அளக்கும் வசதி உள்ள கிளாம்ப் மீட்டரை ஒரு ஃபேஸில் மாட்டி, ஜெனரேட்டரில் பம்பைப் போட்டுப் பார்த்தேன். (சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. அது எண்ணைக் காட்டுவதற்குள் மோட்டார் வேகம் பிடித்திருக்கும்.) 48 ஆம்பியர் காட்டியது. மூன்று ஃபேஸுக்கும் சேர்த்தால் 33 கே.வி.ஏ. (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது. மோட்டாரில் உண்மையான கிலோவாட் இதைவிடக் குறைவாக இருக்கும்.) இன்வெர்ட்டரின் தகவல் தாளில் குறுகிய நேரத்துக்கு இருந்தது அதன் திறனின் இரு மடங்கு, அதாவது 24, ஃபேஸுக்கு 35 ஆம்பியர்.

அப்படியானால் பம்பு ஒரு நாளும் ஓடியிருக்கக் கூடாதே, சில நாள் எப்படி ஓடியது? இந்தக் கேள்வியில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். 35 ஆம்பியரைத் தொட்டதும் இன்வெர்ட்டர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், அதனால் வோல்ட்டேஜ் இறங்கும். மோட்டாரின் சுழல் விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட்டேஜ் 70 சதவீதமானால் விசை பாதியாகிவிடும். மையவிலக்குப் பம்புக்குத் தொடக்கத்தில் பெரிய விசை தேவையில்லை என்பதால் அந்தப் பாதி விசையிலேயே மெல்ல வேகம் பிடித்துவிடும். கம்ப்ரஸர் ஓடாமல், ஹீட்டர் போடாமல், இன்வெர்ட்டர் அறை குளிர்ச்சியாக இருந்த காலை நேரங்களில் ஓடியது. கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்கும் நேரத்தில் பம்பையும் போட்டால் நின்றது. உரிமையாளர் ஒரு வாரம் நேரம் குறித்துக் கொடுத்தார். ஒரு நாள் தவிர மற்ற எல்லா டிரிப்பும் இந்த விளக்கத்தில் அடங்கின. அந்த ஒரு நாள் வீட்டில் வெல்டிங் நடந்திருக்கிறது, அதுவும் ஆர் ஃபேஸில்.

மும்முனை தேவையா?

கிரிட் இல்லாத இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இன்வெர்ட்டர் பட்டியலைப் புரட்டக் கூடாது என்பது என் கருத்து. கிரிட்டில் மும்முனை என்பது கம்பத்திலிருந்து வருவது. இங்கே அதை நாமே உருவாக்கி, நாமே சமன் செய்து, நாமே காப்பாற்ற வேண்டும். சிறிய மோட்டார் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் ஒருமுனை இன்வெர்ட்டர் போட்டு, மோட்டாருக்கு மட்டும் ஒருமுனை உள்ளீடு, மும்முனை வெளியீடு கொண்ட வி.எஃப்.டி. (அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) வைத்துவிடலாம். 3 ஹெச்.பி. வரை இது நன்றாக வேலை செய்யும்.

இங்கே அது ஒத்துவரவில்லை. 230 வோல்ட் உள்ளே போனால் வி.எஃப்.டி.யில் இருந்து வெளியே வருவதும் 230 வோல்ட் மும்முனைதான், 400 ஆகாது. டெல்டாவாக மாற்றி இணைக்கக்கூடிய மோட்டாராக இருந்தால் சமாளிக்கலாம். கிணற்றுக்குள் இருந்ததோ 400 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டது, வெளியே வருவது மூன்றே கம்பி. கம்ப்ரஸரும் அப்படித்தான். இரண்டையும் மாற்றும் செலவுக்கு மும்முனையை வைத்துக்கொள்வதே மேல்.

பம்பை மட்டும் பேட்டரி அமைப்பிலிருந்து பிரித்து, தனிப் பேனலில் நேரடியாக ஓடும் சோலார் பம்பு டிரைவ் போடலாமே என்றும் யோசித்தோம். பெரிய தொட்டி இருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். வெயிலில் தண்ணீரைச் சேர்த்து வைப்பது பேட்டரியில் மின்சாரத்தைச் சேர்ப்பதைவிட எளிது. ஆனால் 400 வோல்ட் மோட்டாருக்குப் பேனல் வரிசை 550 வோல்ட்டுக்கு மேல் தர வேண்டும், தனியாக 5 கிலோவாட்டுக்குக் குறையாத பேனல் வேண்டும். கூரையில் இடம் இல்லை, தொட்டியும் சிறியது. விட்டுவிட்டோம்.

முதலில் மோட்டார், பிறகு இன்வெர்ட்டர்

பெரிய இன்வெர்ட்டர் போட்டு 48 ஆம்பியரைச் சமாளிப்பதா, 48 ஆம்பியரையே குறைப்பதா? எனக்கு இதில் குழப்பமே இல்லை. பம்புக்கு மும்முனை வி.எஃப்.டி. வைத்தோம். தொடக்க மின்னோட்டம் என்ற பேச்சே போய்விட்டது, ஓட்டத்தில் ஃபேஸுக்கு 9 ஆம்பியர். முன்பைவிட ஒரு ஆம்பியர் கூட, ஏனென்றால் வி.எஃப்.டி. இழுக்கும் மின்னோட்டம் சுத்தமான சைன் அலையாக இருக்காது. நீர்மூழ்கி மோட்டாருக்கு வி.எஃப்.டி. வைக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. அதன் அடிப் பேரிங் தண்ணீர்ப் படலத்தில் மிதந்து சுழல்வது. குறைந்த வேகத்தில் அந்தப் படலம் உருவாகாது. அதனால் ஒரு வினாடிக்குள் 30 ஹெர்ட்ஸைத் தொடும்படி வைக்க வேண்டும், அதற்குக் கீழே ஓட்டக் கூடாது. "மெல்ல, ரொம்ப மெல்லக் கிளம்பட்டும்" என்று முப்பது வினாடி ஏற்றம் கொடுத்தால் மோட்டாருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பேரிங்கைத் தின்றுவிடுவோம். இன்னொன்று, கிணற்றுக்குள் இறங்கும் கேபிள் நீளம். நீண்ட கேபிளில் வி.எஃப்.டி.யின் கூரிய வோல்ட்டேஜ் துடிப்புகள் மோட்டார் முனையில் பெருகி இன்சுலேஷனைக் கெடுக்கும். வெளியீட்டில் ஃபில்டர் அவசியம்.

கம்ப்ரஸருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர், அதாவது வோல்ட்டேஜை மெல்ல ஏற்றிக் கிளப்பும் கருவி. தொடக்க மின்னோட்டம் 29 ஆம்பியராக இருந்தது 15 ஆனது. ஸ்க்ரோல் வகை பெரும்பாலும் பாரமில்லாமல் கிளம்பும் என்பதால் இது போதும். பிஸ்டன் வகையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாக சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டிருக்க மாட்டேன். அறுப்பு இயந்திரத்தைத் தொடவில்லை. அதைப் போடுவதற்கு முன் பம்பை நிறுத்து என்று ஒரு இன்டர்லாக் மட்டும். ஓடத் தொடங்கிய பிறகு பம்பைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து வீட்டு லோடு மூன்று ஃபேஸுக்கும் பிரிந்தது. ஹீட்டர் ஆரில் தனியாக, குளிர்பெட்டியும் துவைக்கும் இயந்திரமும் ஒய்யில், விளக்கு, விசிறி, மற்றவை பியில். இப்போதுதான் இன்வெர்ட்டருக்கான உண்மையான கேள்வி கையில் கிடைத்தது. மோசமான ஃபேஸான ஆரில், எல்லாம் ஓடும்போது பம்பு 9, கம்ப்ரஸர் 5, அறுப்பு இயந்திரம் 3.5, ஹீட்டர் 6.5 என்று சுமார் 24 ஆம்பியர், அதாவது 5.5 கே.வி.ஏ., கிலோவாட்டில் 4.5. அந்த ஃபேஸின் மோசமான மூன்று வினாடிகள், கம்ப்ரஸர் கிளம்பும்போது, 34 ஆம்பியர், அதாவது 7.8 கே.வி.ஏ. தேர்வு இந்த இரண்டு எண்களுக்குத்தான். 10.9 என்ற பழைய எண் எங்கேயும் வரவில்லை பாருங்கள்.

ஒரு பெட்டியா, மூன்று பெட்டியா?

கையில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, 20 கிலோவாட் அல்லது அதற்கு மேல் உள்ள ஒற்றை மும்முனைப் பெட்டி, உயர் அதிர்வெண் வகை, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதது. இன்னொன்று, கனமான டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மூன்று ஒருமுனை இன்வெர்ட்டர்களைத் தகவல் கேபிளால் கோத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபேஸைக் கொடுத்து, 120 டிகிரி இடைவெளியில் ஒத்து ஓடச் செய்வது.

ஒற்றைப் பெட்டிக்கு நியாயமான வாதங்கள் உண்டு. சுவரில் குறைந்த இடம், பேனல் உள்ளீடும் அதற்குள்ளேயே, வயரிங் சுத்தம். சும்மா இருக்கும்போது தின்பதும் பெரும்பாலும் குறைவு. லோடு சீராக, மோட்டார் எல்லாம் வி.எஃப்.டி.யில் உள்ள இடத்தில் நான் தயங்காமல் அதைத் தேர்வேன். இங்கே என்னைத் தடுத்தவை இரண்டு. வி.எஃப்.டி. ஒருநாள் பழுதானால் யாராவது பம்பை நேரடி ஸ்டார்ட்டரில் போட்டுப் பார்க்கத்தான் போகிறார்கள், எத்தனை எச்சரிக்கைத் தாள் ஒட்டினாலும். டிரான்ஸ்ஃபார்மர் வகை அதை ஓரிரு முறை பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது, ஒற்றைப் பெட்டி பழுதானால் மொத்தமும் இருட்டு. பழுது பார்ப்பவர் வந்து சேரவே நாளாகும் இடம் அது.

மூன்றாக இருந்தால் மட்டும் தப்பித்துவிடுவோமா என்றால், தானாக இல்லை. மும்முனைத் தொகுப்பில் ஒரு அலகு நின்றால் மற்ற இரண்டும் சேர்ந்து நிற்கும்படிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. ஒரு ஃபேஸ் மட்டும் போனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் மீதி இரண்டிலேயே சுற்ற முயலும். அந்த இரண்டிலும் மின்னோட்டம் 1.7 மடங்குக்கு ஏறி, காப்பு இல்லாவிட்டால் காயில் கருகிவிடும். எனவே அந்த அமைப்பைத் தொடவில்லை, ஒவ்வொரு மோட்டாருக்கும் ஃபேஸ் இழப்பு ரிலே கூடுதலாக வைத்தோம். லாபம் வேறு இடத்தில். ஒரு அலகு பழுதானால் மீதி இரண்டில் ஒன்றைத் தனி ஒருமுனை இன்வெர்ட்டராக மாற்றி அமைத்து, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக வீட்டை ஓட்டலாம். குளிர் அறைக்கு ஜெனரேட்டர். அரைமணி நேர வேலை, உரிமையாளருக்கே செய்து காட்டிவிட்டு வந்தேன்.

திறன்? இந்த வகையில் 8 கே.வி.ஏ. என்று அட்டையில் எழுதிய பெட்டி 25 டிகிரியில் 6.4 கிலோவாட், 40 டிகிரியில் 5.5 கிலோவாட்தான் தொடர்ந்து தரும். வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த வரியில்தான், தகவல் தாளின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். நமக்குத் தேவை 4.5. அறை 40 டிகிரியைத் தொட்டாலும் ஒரு கிலோவாட் மிச்சம். குறுகிய நேரத்துக்கு 16 வரை தாங்கும் என்பதால் 7.8 பொருட்டே இல்லை. 10 கே.வி.ஏ. வாங்கலாமே என்று உரிமையாளர் கேட்டார். சும்மா இருக்கும்போதே இந்தப் பெட்டி ஒன்றுக்கு 50 வாட் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றுக்கு 150 வாட், ஒரு நாளைக்கு 3.6 யூனிட். ஒரு விளக்கும் எரியாவிட்டாலும் போகும். பெட்டி பெரிதாகப் பெரிதாக இதுவும் கூடும். அவர் அதற்கப்புறம் 10ஐப் பற்றிப் பேசவில்லை.

பேட்டரிப் பக்கம்

12.5 கிலோவாட்டை 48 வோல்ட்டில் எடுத்தால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, சுமார் 270 ஆம்பியர். இருந்தவை 100 ஆம்பியர்-மணி மாட்யூல் ஆறு. ஒவ்வொன்றுக்கும் தொடர்ந்து எடுக்கப் பரிந்துரைத்த அளவு 50 ஆம்பியர், ஆக 300. காகிதத்தில் போதும். நடைமுறையில் இணையாக உள்ள மாட்யூல்கள் ஒருபோதும் சரிசமமாகப் பகிர்வதில்லை. இன்வெர்ட்டர் தாங்கும் லோடைப் பேட்டரியின் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) தாங்காமல் வெட்டிவிட்டால் பழைய கதைதான். இன்னும் இரண்டு மாட்யூல் சேர்த்தோம். மூன்று இன்வெர்ட்டருக்கும் பஸ்பாரில் (பேட்டரிகள் சேரும் பொது இணைப்புக் கட்டை) இருந்து போகும் கேபிள்கள் ஒரே நீளம், ஒரே தடிமன். மூன்றில் ஒன்று சுவரின் ஓரத்தில் இருந்ததால் கிட்ட இருந்ததற்கும் அதே நீளத்தைச் சுருட்டாமல் வளைத்துக் கொண்டுபோனோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

மூன்றும் ஒரே பேட்டரியில் இருப்பதில் ஒரு நல்லது உண்டு. ஒவ்வொரு ஒருமுனை இன்வெர்ட்டரும் பேட்டரியிலிருந்து 100 ஹெர்ட்ஸ் துடிப்போடு இழுக்கும். லோடு சமமாக இருந்தால் மூன்றின் துடிப்பும் பஸ்பாரில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஃபேஸ்களைச் சமன் செய்ய இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு தவறு என்னுடையது. பழைய ஹைப்ரிட் பெட்டி 800 வோல்ட் வரை பேனல் உள்ளீடு வாங்கும். 28 பேனலும் பதினான்கு பதினான்காக இரண்டு வரிசையில் இருந்தன. பேனலிலிருந்து பேட்டரியை ஏற்றப் புதிதாக வைத்த எம்.பி.பி.டி. கன்ட்ரோலர்களுக்கு எல்லை 250 வோல்ட். பேனல் ஒன்றுக்குத் திறந்த நிலையில் சுமார் 50 வோல்ட், குளிரில் இன்னும் ஏறும். எனவே நான்குக்கு மேல் தொடரில் சேர்க்க முடியாது. இரண்டு வரிசை ஏழாக மாறியது. கூரைக்கு மேலே புது கேபிள், வரிசைகளைச் சேர்க்கும் காம்பைனர் பெட்டி, வரிசைக்கு ஒரு பியூஸ். என் முதல் மதிப்பீட்டில் இந்த வேலையே இல்லை. கிரிட்-டை இன்வெர்ட்டர் வைத்து ஏ.சி. பக்கத்தில் இணைத்திருந்தால் வரிசைகளைத் தொட வேண்டியதில்லை, பேட்டரி நிறைந்ததும் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உயர்த்தி அதன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி காலியாகி எல்லாம் நின்றுவிட்டால் மறுநாள் வெயில் வந்தும் அந்த அமைப்பு தானாக எழுந்திருக்காது. அது ஒத்துப்போக ஏ.சி. அலை வேண்டும், அலையைத் தரும் பேட்டரி இன்வெர்ட்டரோ தூங்கிக்கொண்டிருக்கிறது. டி.சி. பக்கம் இருந்தால் கன்ட்ரோலர் தன்பாட்டுக்குப் பேட்டரியை ஏற்றும்.

இயக்கிப் பார்த்த நாள்

போட்டவுடன் பம்பு நன்றாக இறைத்தது. கம்ப்ரஸரோ வழக்கத்தைவிடக் கரகரவென்று சத்தம் போட்டது, அறை குளிரவில்லை. உடனே நிறுத்தினோம். அமைப்பில் ஒய், பி இரண்டு அலகுகளும் இடம் மாறியிருந்தன. ஃபேஸ் வரிசை மாறினால் ஸ்க்ரோல் கம்ப்ரஸர் எதிர்ப்பக்கம் சுழலும், அப்படி விட்டால் சீக்கிரம் கெடும். பம்பு மட்டும் எப்படி சரியாக ஓடியது? வி.எஃப்.டி. உள்ளே வருவதை டி.சி.யாக்கி மறுபடி தானே மும்முனை உண்டாக்குகிறது, உள்ளீட்டு வரிசை அதற்கு ஒரு பொருட்டல்ல. பம்பின் திசையை மட்டும் வைத்து வரிசையைச் சோதித்திருந்தால் ஏமாந்திருப்போம். ஜெனரேட்டர் உள்ளீட்டையும் அதே வரிசைக்கு மாற்ற வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் இன்வெர்ட்டர்கள் அதை ஏற்கவே மறுக்கும்.

நியூட்ரலைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பெட்டியின் நியூட்ரலும் ஒரே கட்டையில், பியூஸோ தனி சுவிட்சோ இல்லாமல், ஃபேஸ் கம்பியின் அதே தடிமனில். வீட்டு மின்னணுச் சாதனங்களின் மூன்றாம் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸின் மும்மடங்கு அதிர்வெண் கொண்ட மின்னோட்டம்) மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் அழியாமல் கூடும், அதனால் மெல்லிய கம்பி ஆகாது. அது அறுந்தால் லேசான லோடு உள்ள ஃபேஸின் சாதனங்களுக்கு 230க்குப் பதில் 400க்கு அருகில் கூட ஏறிவிடும். எர்த்தோடு நியூட்ரலை ஒரே ஓர் இடத்தில் இணைத்தோம். அந்த இணைப்பு இல்லாவிட்டால் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் சுவரில் அலங்காரமாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஹீட்டர், பம்பு, அறுப்பு இயந்திரம் எல்லாம் ஓட, கம்ப்ரஸரைக் கிளப்பினோம். ஆர் ஃபேஸில் இன்ரஷ் 32 ஆம்பியர், வோல்ட்டேஜ் 230லிருந்து 223க்கு இறங்கி உடனே ஏறியது. விளக்கு சிமிட்டியது உரிமையாளருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. வெல்டிங் இயந்திரம் இப்போது பி ஃபேஸில் தனிப் பிளக்கில் இருக்கிறது. அதற்கு மட்டும் ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்பார் என்று தோன்றவில்லை.